காந்தப் பாயக் கணக்கில் எங்கே கோட்டை விடுகிறோம்?

பன்னிரண்டாம் வகுப்பு மின்காந்தத் தூண்டல் கணக்குகளில் பலரும் கோட்டை விடுவது வகையீட்டில் அல்ல. அதற்கு முந்தின வரியில், காந்தப் பாயத்தை (சுருளின் வழியே செல்லும் காந்தப் புலத்தின் மொத்த அளவை) எழுதும்போதே. அது தப்பினால் அப்புறம் எல்லாமே தப்புத்தான்.

முதல் சிக்கல் கோணம். புலம், பரப்பு, கோணத்தின் கொசைன் மூன்றையும் பெருக்கினால் பாயம், சரி. ஆனால் எந்தக் கோணம்? சுருளின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டுக்கும் புலத்துக்கும் இடையே உள்ளது. 'தளத்துடன் 30 டிகிரி' என்று வினாவில் வந்தால் கொசைனில் போட வேண்டியது 60.

சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளச் சுலபமான வழி இருக்கிறது. புவியின் காந்தப் புலம் நம் பக்கத்தில் ஏறக்குறையக் கிடையாக, வடக்கு நோக்கி, சுமார் 40 மைக்ரோடெஸ்லா. சுருளைத் தரையில் படுக்கப் போட்டால் பாயம் சொற்பம். வடக்கு பார்த்து நிமிர்த்தினால் கிட்டத்தட்ட முழுசும் கிடைக்கும். (கஞ்சமலை அடிவாரத்தில் மட்டும் வேண்டாம். அங்குள்ள காந்த இரும்புத் தாது புலத்தையே கோணலாக்கும்.)

சுருளுக்கு 100 சுற்று, சதுரத்தின் பக்கம் 20 செ.மீ. என்று வையுங்கள். பரப்பு 400 சதுர செ.மீ. இதை 100-ஆல் வகுத்து 4 சதுர மீட்டர் என்று எழுதுபவர்கள் ஏராளம். வகுக்க வேண்டியது 10,000-ஆல், விடை 0.04. ஒரு சுற்றுக்குப் பாயம் 1.6 மைக்ரோவெபர், 100 சுற்றுக்கும் சேர்த்து 160.

நிமிர்ந்து நிற்கும் இந்தச் சுருளை 0.2 நொடியில் 180 டிகிரி புரட்டினால்? 'முன்பும் 160, பின்பும் 160, மாற்றம் பூஜ்யம்' என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. சுருளோடு அதன் செங்குத்துக் கோடும் திரும்பிவிட்டதே! பாயம் +160-இலிருந்து −160-க்குப் போகிறது. மாற்றம் 320 மைக்ரோவெபர், அதை 0.2-ஆல் வகுத்தால் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் 1.6 மில்லிவோல்ட். அதுவும் சராசரிதான். சீரான வேகத்தில் புரட்டினால் உச்ச மதிப்பு சுமார் 2.5 மில்லிவோல்ட். அந்த உச்சம் வருவது பாயம் அதிகமாக இருக்கும்போது அல்ல, பாயம் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில். 1831-இல் ஃபாரடே கண்டறிந்ததும் இதைத்தானே: பாயத்தின் அளவு முக்கியமில்லை, அது மாறும் வேகமே முக்கியம்.

நீண்ட வரிச்சுருளை (குழாய் வடிவில் நெருக்கமாகச் சுற்றிய கம்பிச்சுருளை) சுற்றிப் பெரிய வளையம் இருக்கும் கணக்கிலும் கவனம் தேவை. வளையத்தின் பரப்பைப் போடாதீர்கள். புலம் வரிச்சுருளுக்குள்தான் இருக்கிறது, அதன் குறுக்குப் பரப்பே போதும்.

தூண்டப்பட்ட மின்னழுத்தச் சூத்திரத்தில் வரும் எதிர்க்குறி லென்ஸ் விதிக்கானது (தூண்டப்படும் மின்னோட்டம் பாய மாற்றத்தை எதிர்க்கும் என்பது அந்த விதி), திசையைச் சொல்வது. எண்மதிப்பை மட்டும் கேட்டால் விட்டுவிடலாம்.

கம்பி ஓரிடத்தில் அறுந்திருந்தால்? மின்னோட்டம் பூஜ்யம் என்பது சரி. தூண்டப்பட்ட மின்னழுத்தமும் பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள். அது அறுந்த இரு முனைகளுக்கிடையே அப்படியே இருக்கும்.