ஷாங்காயின் வைதான் கரையை இரண்டு வேளை பாருங்கள்

ஷாங்காய்க்குச் செல்பவர்களில் பலர் வைதான் கரைக்கு இருட்டிய பிறகு ஒருமுறை போய், எதிர்க்கரையில் ஒளிரும் கோபுரங்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த இடத்துக்குப் பெயர் வாங்கித் தந்த பழைய கட்டடங்களோ அவ்வளவு நேரமும் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நிற்கின்றன. ஆகவே காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என இரண்டு வேளை ஒதுக்குவதே நல்லது.

ஹுவாங்பு ஆற்றின் மேற்குக் கரையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளும் இந்த நடைபாதையை ஆங்கிலத்தில் 'பண்ட்' என்பார்கள். கரை என்று பொருள்படும் அச்சொல்லை ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள். மெட்ரோவின் 2ஆம் தடத்திலோ 10ஆம் தடத்திலோ வந்து, கிழக்கு நான்ஜிங் சாலை நிலையத்தில் இறங்கிக் கிழக்கே பத்து நிமிடம் நடந்தால், பச்சைக் கூம்புக் கூரை கொண்ட பீஸ் ஹோட்டல் (1929) எதிர்ப்படும்; அதுதான் வைதான். நடைபாதை வெள்ளத் தடுப்புச் சுவரின் மேல் அமைந்திருப்பதால் படியேறித்தான் செல்ல வேண்டும்.

காலை வெயில் ஆற்றுக்கு அப்பாலிருந்து கட்டடங்களின் முகப்பில் நேராக விழும் என்பதால், கல் வேலைப்பாடுகளைப் பார்க்கவும் படமெடுக்கவும் அதுவே ஏற்ற வேளை. மேலிருந்து முழு வரிசையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து கட்டடங்களின் ஓரமாக நடக்கத் தொடங்குங்கள். கதவு எண்கள் தெற்கிலிருந்து வடக்காக ஏறுகின்றன. எண் 13இல் மணிக்கூண்டுடன் சுங்க மாளிகை (1927). அதையடுத்து எண் 12இல் ஹாங்காங் ஷாங்காய் வங்கிக்காக 1923இல் எழுப்பிய குவிமாடக் கட்டடம். வாசலில் வெண்கலச் சிங்கங்கள் படுத்திருக்கின்றன. இப்போது இருப்பவை பிரதிகள்தான். இன்றும் அங்கே வேறொரு வங்கி இயங்குவதால், வார நாட்களில் வேலை நேரத்தில் சென்று, நுழைவு மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். சாந்து பூசி மறைக்கப்பட்டிருந்து 1997இல் மீண்டும் வெளிப்பட்ட மொசைக் ஓவியங்களில் எட்டு நகரங்கள் இடம்பெற்றுள்ளன. லண்டனுக்கும் பாரிசுக்கும் இணையாக நம் கல்கத்தாவும் அவற்றில் ஒன்று. வைதானில் ஒரே ஒரு கட்டடத்துக்குள் போக நேரமிருந்தால் இதற்குள் போகலாம் என்பேன். வடகோடியில் வைபைடு இரும்புப் பாலம் வரை நடந்து முடிக்கலாம்.

மாலையில், சூரியன் மறைவதற்கு முன்பே இடம் பிடியுங்கள். 468 மீட்டர் உயர ஓரியண்டல் பேர்ல் கோபுரமும் 632 மீட்டர் உயர ஷாங்காய் கோபுரமும் முதலில் மேற்கு வெயிலிலும் பிறகு விளக்கொளியிலும் தெரியும். பொதுவாக இரவு 10 மணியளவில் விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். அக்டோபர் 1இல் தொடங்கும் தேசிய விடுமுறை வாரத்தையும் புத்தாண்டு இரவையும் தவிர்ப்பது அவசியம். 2014 டிசம்பர் 31 இரவு இங்கே ஏற்பட்ட நெரிசலில் 36 பேர் உயிரிழந்தனர். அத்தகைய நாட்களில் மெட்ரோ ரயில்கள் அருகிலுள்ள நிலையத்தில் நிற்காமலே சென்றுவிடுவதும் உண்டு.

ஒளியூட்டப்பட்ட வைதானை முழு வரிசையாகக் காண வேண்டுமானால் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஆற்றுக்கு அடியில் செல்லும் சுற்றுலாச் சுரங்கத்தைவிட, உள்ளூர் மக்கள் தங்கள் ஸ்கூட்டர்களோடு ஏறும் 2 யுவான் படகே மேல். புறப்படும் முன்பே கைப்பேசியில் அலிபே செயலியை நிறுவி உங்கள் கார்டை இணைத்து வைத்திருந்தால், படகுத்துறையில் சில்லறைக்குத் தடுமாற வேண்டியிருக்காது.