நாணயச்சாலையில் நேர்ந்த பிழையா, வெளியே பட்ட அடியா?

பழைய நாணயத்தில் ஏதாவது கோணல் கண்ணில் பட்டதும் 'எரர் காயின்', அதாவது நாணயச்சாலையிலேயே பிழையாக வந்த நாணயம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாணயச்சாலையில் இது எப்படி நேர்ந்திருக்கும் என்று முதலில் யோசியுங்கள். உருவம் பதியாத வெற்று உலோக வில்லை, அதில் உருவம் பதிக்கும் அச்சு, அச்சு வந்து விழும் அந்த நொடி. இந்த மூன்றிலும் காரணம் கிடைக்காவிட்டால், பெரும்பாலும் அது வெளியே பட்ட காயம்தான்.

மேடு பள்ளம் பார்க்காமல் ஏமாறுபவர்கள் அதிகம். அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் ஏறிக்கொள்ளும். நாணயத்தில் அது மேடான கோடாக நிற்கும். கீறல் என்றால் பள்ளம், அதன் ஓரங்களில் ஒதுங்கிய உலோகம் குவிந்திருக்கும். சாய்வான வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஓரம் பிறை போல வெட்டுப்பட்ட நாணயம் கிடைத்தால், நான் முதலில் பார்ப்பது வெட்டை அல்ல, அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தை. தகட்டில் ஏற்கெனவே வெட்டிய துளையின் மேலேயே மறுபடி வெட்டு விழுந்தால் வில்லை குறையாகத்தான் வரும். அதற்கு விளிம்பு எழுப்பும்போது, குறைந்த இடத்தில் அழுத்தம் பிடிக்காது. அதனால் எதிர்ப்புறத்திலும் விளிம்பு பெரும்பாலும் மங்கிப்போகும். பின்னால் யாரோ அரத்தால் ராவியிருந்தால் எதிர்ப்புற விளிம்பு முழுசாக இருக்கும்.

இரட்டை எழுத்தில் குழப்பம் இன்னும் அதிகம். அச்சிலேயே உருவம் இரண்டு முறை பதிந்திருந்தால் எழுத்து தடித்து, மூலைகளில் பிளவு தெரியும். 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட்டில் இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அடித்த கையோடு அச்சு லேசாக அசைந்தாலும் இரட்டை போலத் தோன்றும்; ஆனால் அதில் எழுத்தின் பக்கம் நசுங்கித் தட்டையான படியாக இருக்கும், எழுத்தும் மெலிந்திருக்கும். இதற்குச் சேகரிப்பாளர்களிடம் பெரிய மதிப்பில்லை.

காணாமல்போன உருவத்தையும் நம்பிவிடக் கூடாது. 1937இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் அச்சை அளவுக்கு மீறித் தேய்த்ததால், ஐந்து சென்ட் நாணயத்தில் எருமை மூன்று காலோடு வந்தது. சாதாரண நாணயத்தில் காலைச் சுரண்டி எடுத்துவிட்டு அதுதான் இது என்பவர்கள் உண்டு. அசலில் வயிற்றுக்குக் கீழே மேடான புள்ளிகள் வரிசையாக இறங்கும். சுரண்டுபவரால் மேட்டை உண்டாக்க முடியாது.

நிறத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. 1943இல் அமெரிக்காவில் போருக்காகச் செம்பை மிச்சப்படுத்த ஒரு சென்ட்டை எஃகில் அடித்தார்கள். தவறுதலாகச் செம்பு வில்லையிலும் சில விழுந்துவிட்டன. எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசியிருந்தால் காந்தம் ஒட்டும், எடையும் 2.7 கிராம் அளவில் நிற்கும். செம்பு வில்லையில் விழுந்த அசல் 3.11 கிராம். ஆனால் 1948இன் எட்டை ராவி மூன்றாக்கிய நாணயமும் அதே 3.11 கிராம்தான், காந்தமும் ஒட்டாது. அங்கே தராசு உதவாது, அந்த மூன்றின் இடப்பக்கத்தைத்தான் லென்ஸில் பார்க்க வேண்டும்.