எல்லோரும் புழங்கும் சமுதாயக் கூடம்: தண்ணீர் வழிகளை அமைப்பது எப்படி

ஒரே கூடத்தில் வளைகாப்பும் நிக்காஹும் ஞானஸ்நான விருந்தும் நடக்கும். ஆகவே வரைபடம் போடும் முன்பே, யார் எங்கே கைகால் கழுவுவார்கள் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தளம் போட்ட பிறகு குழாயை நகர்த்தத் தரையைத்தான் உடைக்க வேண்டும்.

முதலில் மழைநீர்ச் சேமிப்பு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 300 சதுர மீட்டர் மொட்டை மாடியில், சென்னை அளவுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்தால், 20 சதவீதச் சேதாரம் போக 3,36,000 லிட்டர் கிடைக்கும். அத்தனைக்கும் தொட்டி கட்டினால் பணம்தான் வீண். ஐப்பசியில் ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டினால், அதே சேதாரம் போக 24,000 லிட்டர். தொட்டி அந்த அளவு இருந்தால் போதும், வழிவது உறைகிணற்றுக்குப் போகட்டும்.

மாடித் தூசியோடு வரும் முதல் 300 லிட்டரைத் தொட்டிக்குள் விடவே கூடாது. நான்கு வடிகுழாய் இருந்தால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடி மூடிய 160 மி.மீ. குழாய் சுமார் 4 மீட்டர் நிறுத்துங்கள். முதல் தண்ணீர் இதில் நிரம்பிய பிறகே மிச்சம் தொட்டிக்குப் போகும். அடியில் விடும் சிறு கசிவுத் துளையை இலைச்சருகு அடைத்துக்கொள்வதுதான் வழக்கமான கோளாறு. குழாய் காலியாகாமல் நின்றால் அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குள் போகும். கழற்றக்கூடிய திருகுமூடி வையுங்கள்.

ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்யும் இடத்துக்கு 40 செ.மீ. உயரக் கல் இருக்கை, எதிரே அழுத்துக் குழாய், நடுவே மீட்டருக்கு 2 செ.மீ. சரிவுள்ள வாய்க்கால். சரிவு குறைந்தால் பாசி பிடித்து வழுக்கும், முதியவர்கள் விழுவார்கள். வாசலில் கால் கழுவும் குழாயையும் இதே வாய்க்காலில் சேர்க்கலாம். சோப்பு கலக்காத இந்தத் தண்ணீரைத் தனிக் குழாயில் வாழைக்கும் தென்னைக்கும் அன்றன்றே விடுங்கள். ஒரு நாளுக்கு மேல் தேங்கினால் நாறும்.

கழிப்பறைப் பீங்கானை வடக்கு தெற்காகப் பதியுங்கள். தமிழ்நாட்டில் கிப்லா (முஸ்லிம்கள் தொழும் மக்கா திசை) ஏறக்குறைய மேற்கே இருப்பதால், முகமோ முதுகோ அந்தப் பக்கம் வராது. வாஸ்து பார்ப்பவர்களும் இதே திசையைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு கழிப்பறையிலும் தண்ணீர்க் குழாய் கட்டாயம்.

சமையலறையில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனிக் கழுவுதொட்டி வேண்டும். இரண்டின் கழிவுநீரும் கொழுப்புப் பொறி (எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி) வழியாகத்தான் வெளியேற வேண்டும். பந்தி நேரத்தில் மணிக்கு 2,000 லிட்டர் வரும் என்றால் பொறி 1,000 லிட்டராவது கொள்ள வேண்டும். அரை மணி நேரமாவது நின்றால்தான் எண்ணெய் மேலே மிதக்கும். கொதிக்கும் வடிகஞ்சியை அதில் ஊற்ற விடாதீர்கள். அது கொழுப்பை உருக்கிக் கூடவே இழுத்துப்போய், ஆறியதும் வெளிக்குழாயில் உறைந்து அடைக்கும்.