அந்த இடம் எங்கே என்று தேடாதீர்கள்

அமெரிக்க ஓவியர் ஆஷர் டுராண்ட் 1849-ல் வரைந்த ‘கிண்ட்ரட் ஸ்பிரிட்ஸ்’ (ஒத்த மனத்தினர்) ஓவியத்தில் ஆளரவமற்ற ஒரு மலையிடுக்கு. பாறை விளிம்பில் இருவர் நிற்கிறார்கள். கீழே ஓடை, தொலைவில் அருவி. “இது எங்கே இருக்கிறது, எப்படிப் போவது?” என்று கேட்கத் தோன்றும். முதல் தவறே அதுதான். நியூயார்க் மாநிலத்தின் காட்ஸ்கில் மலைகளில் அந்த இடுக்கும் உண்டு, அருவியும் உண்டு. இரண்டையும் இப்படி ஒருசேரக் காட்டும் இடம்தான் கிடையாது. தனித்தனிக் காட்சிகளை டுராண்ட் ஒரே கித்தானில் கோத்துவிட்டார்.

கேமராவுக்குப் பழகிய கண்ணுக்கு இது பொய்யாகப் படும். ஏன் கோத்தார் என்று கேட்டால் விஷயம் பிடிபடும். நிற்பவர்களில் ஒருவர் தாமஸ் கோல். அந்த மலைகளை வரைந்தே பெயர் பெற்ற ஓவியர். 1848 பிப்ரவரியில் இறந்துபோனார். மற்றவர் கவிஞர் பிரையன்ட். கோலுக்கு இரங்கல் உரை நிகழ்த்தியவர். அந்த உரைக்கு நன்றியாக ஜொனாதன் ஸ்டர்ஜஸ் என்ற வணிகர் இதை வரையச் சொல்லி பிரையன்ட்டுக்கே கொடுத்தார். செத்துப்போன சிநேகிதர் நிற்கிற இடத்துக்கு வரைபடத்தில் வழி தேடி என்ன செய்ய?

கதை தெரிந்தபின் அந்த இருவரையே பார்த்துக்கொண்டிருப்பது அடுத்த தவறு. படத்தில் அவர்கள் சின்னவர்கள்தான். இடப்பக்க மரத்துக்குப் போங்கள்: பட்டையில் இருவர் பெயரும் செதுக்கியிருக்கும். முன்னால் ஒரு மரம் முறிந்து கிடக்கும். டுராண்ட் முன்பு உலோகத் தகட்டில் படம் செதுக்கிப் பிழைத்தவர், அதனால் ஒவ்வொரு இலையையும் நுணுக்கமாக வரைந்திருப்பார். படம் மூன்றரை அடிக்கும் சற்று உயரம். கைபேசியில் ஒரு பார்வை பார்த்து நகர்ந்தால் அந்தப் பெயர்கள் கண்ணிலேயே படாது. பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும்.

“அந்தக் காலத்தில் இயற்கை எவ்வளவு தூய்மையாக இருந்தது!” என்று பெருமூச்சு விடுவதும் வேண்டாம். அந்த மலைமேல் 1824-லேயே சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டல் வந்துவிட்டது. தோல் பதனிட ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களை வெட்டிப் பட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஓட்டலும் இல்லை, தோல் தொழிற்சாலையும் இல்லை. எதைச் சேர்த்தார் என்பதோடு எதை விட்டார் என்பதையும் பாருங்கள்.

விலையைப் பற்றி ஒரு வரி போதும்: 2005-ல் நியூயார்க் பொது நூலகம் இதை விற்றபோது 3.5 கோடி டாலர் என்று பேசப்பட்டது. இப்போது ஆர்கன்சாவில், பென்டன்வில் ஊரின் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.