ராமேஸ்வரம் கோயில் வீதிகளில் பத்திரமாக இருக்க: ஒருவர் நனையாமல் இருங்கள்

கிழக்குக் கோபுரத்திலிருந்து சன்னதித் தெரு வழியாக அக்னி தீர்த்தக் கடற்கரைக்குச் சில நிமிட நடைதான். அந்தச் சிறிய தூரத்துக்குள் ஒரு குடும்பம் கடலில் முழுகி, சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் நீராடி, வெளியே வந்து உடை மாற்றி, மறுபடி தரிசன வரிசையில் நிற்கிறது. இவ்வளவு நேரமும் கையில் போன் இல்லை, காலில் செருப்பு இல்லை, பை யாரோ ஒருவர் பொறுப்பில். ராமேஸ்வரம் பொல்லாத ஊர் அல்ல. ஆனால் நகை தொலைவதும், குழந்தை பிரிவதும், பாட்டி வழுக்கி விழுவதும் இந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான். அதனால் முன்னேற்பாடும் இந்த நேரத்தைச் சுற்றியே இருக்க வேண்டும்.

முதல் ஏற்பாடு இதுதான்: குடும்பத்தில் ஒருவர் நனையக்கூடாது. எல்லோரும் நீராட விரும்பினால் இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி முழுகும்போது மற்ற அணி காய்ந்த துணியோடு பைகளுக்கு அருகில் இருக்கட்டும். "பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார்" என்று நம்பி மணலில் பையை வைத்துவிட்டு இறங்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் முறை வந்ததும் அவரும் எழுந்து போய்விடுவார்.

தனியாக வருபவர்கள் பையை லாட்ஜ் அறையிலேயே பூட்டிவிட்டு வாருங்கள். கையோடு வேண்டியது கொஞ்சம்தான்: தீர்த்த டிக்கெட், சில்லறையாக ஒரு 200 ரூபாய், அறைச் சாவி. மூன்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை ஒரு சுருக்குப் பையில் வைத்து, பையை இடுப்புத் துணியின் உள்பக்கம் பெரிய ஊக்கால் குத்திக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் வைத்தால் முதல் முழுக்கிலேயே மிதந்து போய்விடும்.

நகைகளை ஊரிலேயே விட்டு வருவது நல்லது. தண்ணீரில் விரல் சுருங்கும். வழக்கமாக இறுக்கமாக இருக்கும் மோதிரமும் அப்போது நழுவும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கொக்கியை ஒரு நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, ரவிக்கைக்குள் தள்ளி ஊக்குக் குத்திக்கொள்ளலாம். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, கழற்றக்கூடிய பல்செட் ஆகியவற்றை நனையாதவரிடம் கொடுத்துவிடுங்கள். தலையில் ஊற்றும் ஒரு வாளித் தண்ணீர் இவற்றைத் தட்டிவிடப் போதும்.

அக்னி தீர்த்தத்தில் அலை குறைவு, ஆழமும் குறைவு. அதை நம்பிக் கவனம் தளர்வதுதான் சிக்கல். கரையோரக் கல்லிலும் படியிலும் பாசி இருக்கும். உடுத்திய துணியைக் கடலில் விட்டுவிடும் வழக்கத்தால் அடியில் பழைய சேலைகள் மணலில் புதைந்து கிடக்கும். அவை காலைச் சுற்றும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர்த்துங்கள். இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் போக எந்தச் சடங்கும் கேட்பதில்லை. முதியவர்களின் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொள்ளுங்கள். ஈர விரல்களைப் பிடித்தால் வழுக்கும். உங்கள் துணியைக் கடலில் விடாதீர்கள். அடுத்து இறங்குபவரின் காலில்தான் அது சிக்கும்.

கரையில் திதி, தர்ப்பணம் செய்யவேண்டும் என்றால் உட்காருவதற்கு முன்பே தட்சிணையைப் பேசி முடியுங்கள். "சாமான் எல்லாம் சேர்த்து எவ்வளவு? வேற ஏதும் உண்டா?" என்ற இரண்டு கேள்வி போதும். பாதிச் சடங்கில் யாராலும் பேரம் பேச முடியாது. கூடுதலாகக் கேட்பவர்களுக்கு அது தெரியும்.

கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களும் ஒரே இடத்தில் இல்லை. மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தம் வரை பிரகாரங்கள் வழியாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். கருங்கல் தரை முழுக்கத் தண்ணீர். பல நூறு பேர் நடந்து வழவழத்த கல், அதில் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் கண்ணாடி மாதிரி. அடியைச் சிறிதாக வையுங்கள், சுவரோரமாக நடங்கள், அடுத்த கிணற்றுக்கு ஓடாதீர்கள். தண்ணீர் தீர்ந்து போய்விடாது. நீளமான பாவாடையும் வேட்டியும் நனைந்தால் காலைத் தடுக்கும். கணுக்காலுக்கு மேல் மடித்துச் செருகுங்கள். விழுபவர்கள் கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறிவது சாதாரணம். வீங்கினால் உருவிவிடாதீர்கள். ஒரு துண்டால் கையைக் கழுத்தோடு தூளி கட்டி 108-ஐ அழையுங்கள். பெரிய காயம் என்றால் சுமார் 55 கி.மீ. தள்ளி ராமநாதபுரத்துக்குப் போகவேண்டி வரலாம். அந்த நேரத்தையும் மனதில் வைத்துக்கொண்டு சீக்கிரம் முடிவெடுங்கள்.

டிக்கெட்டைக் கோயில் கவுன்டரில் மட்டும் வாங்குங்கள். கட்டணம் பலகையில் இருக்கும். கடைசித் தீர்த்தம் வரை அதைத் தொலைக்காதீர்கள். இடையில் யாராவது தனியாக இறைத்து ஊற்றுவதாகக் கூப்பிட்டால் "டிக்கெட் வாங்கியாச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு வரிசையோடு நகருங்கள். கோபப்படவும் வேண்டாம், நின்று விளக்கவும் வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு விஷயம். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு நீராடக் கிளம்பாதீர்கள். இரண்டு மணி நேரம் ஈரத்தில் நடந்தால் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். நனையாதவரிடம் நாலு மிட்டாய் இருக்கட்டும். அடுத்தது, பாதம். வெயில் ஏறிய பிறகு ரத வீதிகளின் தார் சுடும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்புளம் மறுநாள்தான் தெரியும். விடியற்காலையில் நீராடி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

உடை மாற்றும் அறை

ஈரத் துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். மாற்றுத் துணி கட்டாயம், அதனால் உடை மாற்றும் அறையும் கட்டாயம். 2024 டிசம்பரில் அக்னி தீர்த்தக் கரையில் ஒரு தனியார் உடைமாற்றும் அறையில் ரகசியக் கேமரா வைத்திருந்தது பிடிபட்டது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

முடிந்தால் லாட்ஜ் அறைக்கே நடந்து போய் மாற்றுங்கள். அது தொலைவு என்றால், உள்ளே போனதும் முதலில் தலைக்கு மேல் பாருங்கள்: கூரைச் சந்து, விளக்கு மாட்டிய இடம், காற்றுப் போகும் ஓட்டை. பிறகு இடுப்பு உயரத்தில் டைல்ஸ் இணைப்பு, சுவிட்ச் பெட்டி, துணி மாட்டும் கொக்கி. ஒரே ஒரு டைல்ஸ் மட்டும் நிறம் மாறியோ துருத்திக்கொண்டோ இருந்தால் சந்தேகப்படுங்கள். டார்ச்சைக் கண்ணருகே பிடித்துச் சுவரில் மெதுவாக அடித்தால் லென்ஸ் சின்னப் புள்ளியாக மின்னும். எல்லாக் கேமராவும் இப்படி அகப்படாது என்பதால், பெரிய நைட்டி ஒன்றைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே மாற்றுவதுதான் நிச்சயமான வழி. ஏதாவது தென்பட்டால் அதைத் தொடாதீர்கள், பிடுங்காதீர்கள். ஒருவர் வாசலில் நிற்க, மற்றவர் 112-க்கு அழைக்கட்டும். அந்தப் பொருள்தான் சாட்சி.

போன் இல்லாத நேரம்

2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுப்படி தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை. ஒப்படைக்கும் இடத்தில் தரும் டோக்கனை போன் உறையிலேயே வைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. மூன்றாம் பிரகாரம் மிக நீளம், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரித் தூண்கள். பிரிந்தால் தேட முடியாது. உள்ளே போகுமுன்பே சந்திக்கும் இடத்தைப் பேசுங்கள். "கோயில் வாசலில்" என்றால் போதாது; கிழக்கா மேற்கா என்று சொல்லுங்கள். குழந்தையின் உள்ளங்கையில் பேனாவால் எண்ணை எழுதினால் முதல் கிணற்றிலேயே அழியும். எண்ணைத் தாளில் எழுதி, லேமினேட் செய்து, சட்டையின் உள்பக்கம் குத்திவிடுங்கள். நனையாதவரின் எண்ணையே எழுதுங்கள். உங்கள் எண் என்றால் போன் கவுன்டருக்குள் அடித்துக்கொண்டிருக்கும்.

தை, ஆடி அமாவாசை நாட்களில் சன்னதித் தெருவே ஆட்களால் அடைத்துவிடும். நெருக்கம் கூடினால் முழங்கைகளை மார்புக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். எது கீழே விழுந்தாலும் குனியாதீர்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அதன் போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். சிறு குழந்தையைத் தரையில் விடாதீர்கள். முதியவர்களை அழைத்து வருபவர்கள் இந்த நாட்களைத் தவிர்த்து முன்பின் ஒரு வாரம் வருவதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து.

வந்து சேர்வதும் பணமும்

பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குச் சுமார் 2 கி.மீ.; டவுன் பஸ் உண்டு. ஆட்டோவில் ஏறுமுன் "அண்ணே, எந்தக் கோபுரத்துக்கிட்ட இறக்குவீங்க?" என்று கேட்டு, தொகையையும் பேசிவிடுங்கள். மேற்கில் இறங்கி, மூட்டையோடு கிழக்குக்குச் சுற்றி நடப்பது பெரும் அலைச்சல். ரயிலடியில் மூட்டையைத் தானாக வாங்கிக்கொண்டு லாட்ஜுக்கு அழைத்துப் போகிறவரிடம் மூட்டையைக் கொடுக்காதீர்கள். அறையைப் பார்த்து வாடகை பேசும் வரை அது உங்கள் கையில் இருக்கட்டும்.

அறைக்கு இணையத்தில் முன்பணம் கேட்டால், விடுதியின் எண்ணை வேறு வழியிலும் சரிபாருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை. "ரீஃபண்ட் அனுப்புறேன், பின் போடுங்க" என்றால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள். பணம் கைமாறுமுன் முடக்க அப்போதுதான் வாய்ப்பு.

கடற்கரையில் பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல் குதிரை விற்றால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம்.

தனுஷ்கோடிக்குப் போனால்

தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் அக்னி தீர்த்தத்துக் கணக்கு செல்லாது. இங்கே பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கின்றன. மீனவர்கள் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். ஒரு பக்கம் குளம் போலக் கிடக்கும்போதே மறுபக்கம் காலடி மணலை அரித்துக்கொண்டிருக்கும். குளிக்க இறங்கவே வேண்டாம், கரையோரம் கால் நனைப்பதும் குழந்தையின் கையைப் பிடித்தபடிதான். காரைத் தார்ச் சாலையை விட்டு மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். இலங்கையின் தலைமன்னார் 30 கி.மீ.க்கும் குறைந்த தூரத்தில் இருப்பதால் சில போன்கள் அந்த நாட்டு நெட்வொர்க்கைப் பிடித்துக் கட்டணம் ஏற்றும். ரோமிங்கை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். சாயங்காலத்துக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டித் திரும்ப வேண்டும் என்பதால், பிற்பகல் 3 மணிக்குள் ராமேஸ்வரத்திலிருந்து புறப்படுங்கள். தண்ணீர் பாட்டிலை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே நிழலும் இல்லை, நல்ல தண்ணீரும் எளிதில் கிடைக்காது.