பல் செராமிக்கில் ஃப்ராக்சர் டஃப்னஸ் அளப்பது எப்படி?

ஏற்கெனவே விரிசல் விட்ட பொருள், அந்த விரிசல் மேலும் ஓடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்? அதைச் சொல்லும் எண்தான் ஃப்ராக்சர் டஃப்னஸ். அலகு மெகாபாஸ்கல் ரூட் மீட்டர். சாதாரணப் பல் பீங்கான் 1-ஐ ஒட்டி வரும், லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி-செராமிக் 2-க்குக் கொஞ்சம் மேலே, ஜிர்கோனியா 4, 5.

விக்கர்ஸ் முனையால் (பிரமிட் வடிவ வைர முனை) குத்தி, மூலைகளில் கிளம்பும் விரிசலை அளந்து கணக்குப் போடும் முறையைப் பலர் செய்கிறார்கள், சுலபம் என்பதால். அது வேண்டாம் என்று 2007-லேயே க்வின், பிராட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தெளிவாக எழுதிவிட்டார்கள். நாம் பல் செராமிக்குக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6872-ல் உள்ள வி-வெட்டு முறைக்குப் போவோம், அதாவது சட்டத்தில் V வடிவக் கூர் வெட்டு போட்டு வளைத்து உடைப்பது.

முதலில் 3 மிமீ அகலம், 4 மிமீ உயரம், 45 மிமீ நீளத்தில் சட்டங்கள், குறைந்தது ஐந்து. (கணினி வழியாகப் பல் கடைவதற்கு வரும் சி14 கேட்-கேம் பிளாக்கின் நீளமே 18 மிமீதான், அதற்குச் சின்னச் சட்டம், மூன்று புள்ளி வளைவு, வேறு சூத்திரம்.) இவற்றை வரிசையாக ஒட்டி, இரு ஓரத்திலும் உதவாத துண்டு ஒன்றை வையுங்கள்.

3 மிமீ முகத்தில் டைமண்ட் ரம்பத்தால் அரை மிமீ ஆழம் வெட்டுங்கள். அப்புறம் அந்தப் பள்ளத்தில் டைமண்ட் பேஸ்ட் தடவி, சவர பிளேடால் முன்னும் பின்னுமாக, மெதுவாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கடைசியில் 1 மைக்ரான் பேஸ்ட். மொத்த ஆழம் 0.8-லிருந்து 1.2 மிமீ. அவசரப்பட்டால் முனை மழுங்கும், மழுங்கினால் விடை பொய்யாக உயரும், இந்த வேலையில் பாதி இதுதான். மைக்ராஸ்கோப்பில் முனையைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சரி, இப்போது வெட்டு கீழே இருக்கும்படி வைத்து நான்கு புள்ளி வளைவு, அதாவது கீழே இரண்டு உருளை தாங்க, மேலே இரண்டு உருளை அழுத்தும்: வெளித்தாங்கல் 40 மிமீ, உள்ளே 20 மிமீ, வேகம் நிமிடத்துக்கு 0.5 மிமீ. உடைந்த விசையைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டின் ஆழத்தை உடைந்த பரப்பில் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

இந்த அளவுகளில் ஆழம் சரியாக 1 மிமீ என்றால் சூத்திரம் சுருங்கிவிடும்: நியூட்டனை 0.038-ஆல் பெருக்கினால் போதும். 60 நியூட்டனில் உடைந்தால் 2.28. ஆழம் மாறினால் இந்த 0.038-உம் மாறும், முழுச் சூத்திரத்தையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வையுங்கள்.

ஜிர்கோனியா என்றால் மட்டும் எச்சரிக்கை. அதன் படிக மணிகள் (கிரெயின்) அரை மைக்ரான் அளவுதான், பிளேடு முனையோ சில மைக்ரான், ஆகவே வரும் எண் நிஜத்தைவிடக் கூடுதலாக இருக்கும். ஃபெம்டோ லேசர் (மிகக் குறுகிய துடிப்பு லேசர்) வெட்டு கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் முனையின் ஆரத்தையும் முடிவோடு சேர்த்து எழுதுங்கள்.