குடும்ப ஆலோசகர் லைசென்ஸ்: அமெரிக்காவில் உழைத்த மணிநேரம் வீணாகும் இடங்கள்

அமெரிக்காவில் திருமண, குடும்ப ஆலோசகர் ஆக நாடு முழுவதும் செல்லும் ஒரே லைசென்ஸ் என்று எதுவும் இல்லை. 1963-ல் கலிஃபோர்னியா முதலில் சட்டம் போட்டது. 2009-க்குள் 50 மாநிலங்களும் போட்டுவிட்டன. மாநிலத்துக்கு ஒரு லைசென்ஸ் போர்டு, போர்டுக்கு ஒரு விதிப்புத்தகம், அதிலும் சில வருடங்களுக்கு ஒருமுறை திருத்தம். அதனால் இங்கே அதிகம் அடிபடுபவர்கள், சீனியர் சொன்னதைக் கேட்டு அப்படியே செய்பவர்கள்தான். அவர் பொய் சொல்வதில்லை. அவர் காலத்து விதியைச் சொல்கிறார், அவ்வளவுதான். பட்டம் வாங்கி, லைசென்ஸுக்காக மேற்பார்வையில் வேலை பார்ப்பவர்களை 2018-க்கு முன் கலிஃபோர்னியாவில் 'இன்டர்ன்' என்று பதிவு செய்தார்கள், இப்போது 'அசோசியேட்' என்று பெயர். பெயர் மாறியதைக் கவனிக்கிறவர்கள் விதி மாறியதைக் கவனிப்பதில்லை.

கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே மேற்பார்வையில் 3,000 மணிநேரம் வேலை பார்க்க வேண்டும், அதுவும் 104 வாரங்களுக்குக் குறையாமல். அதில் 1,750 மணி நேரடி ஆலோசனையாக இருக்க வேண்டும். அந்த 1,750-க்குள் 500 மணி தம்பதிகள், குடும்பங்கள், குழந்தைகளோடு. பலர் மொத்தக் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். போதை மறுவாழ்வு மையத்தில் பெரியவர்களைத் தனித்தனியாகப் பார்த்தே வருடங்களை ஓட்டிவிட்டு, கடைசியில் இந்த 500-க்காக வேறு வேலை தேடி அலைகிறார்கள். வேலையில் சேரும் அன்றே கேட்க வேண்டிய கேள்வி இது.

அடுத்து, 90 நாள் விதி. பட்டம் வாங்கியபின் அசோசியேட் பதிவு எண் கையில் வரும்வரை பார்த்த வேலையும் கணக்கில் சேர வேண்டுமானால், பட்டத் தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் விண்ணப்பம் போர்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மே 20 பட்டத் தேதி என்றால் ஆகஸ்ட் 18 கடைசி. பட்டத் தேதி என்பது விழா நடந்த நாள் அல்ல, டிரான்ஸ்கிரிப்ட்டில் அச்சான நாள். 2020 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: வேலை கொடுக்கும் இடம் லைவ் ஸ்கேன் கைரேகை (குற்றப் பின்னணி சோதனைக்கு மின்னணு முறையில் எடுப்பது) கேட்டு, அதை முடித்தபின் பார்த்த மணிநேரம்தான் செல்லும். அந்தத் தாளின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். தனியார் பிராக்டிஸுக்கு இந்தச் சலுகையே கிடையாது. எண் வந்தபிறகுதான் அங்கே உட்காரலாம்.

வாராந்திர மேற்பார்வையில் போகும் மணிநேரம்தான் வயிற்றெரிச்சல். ஒரு வாரம் சூப்பர்வைசர் லீவு, சந்திப்பு நடக்கவில்லை, ஆனால் நீங்கள் வழக்கம்போல கிளையன்ட்களைப் பார்த்தீர்கள் என்றால் அந்த வார மணிநேரம் எதுவும் செல்லாது. பட்டத்துக்குப் பிறகு, ஓர் இடத்தில் வாரத்துக்கு 10 மணிக்கு மேல் நேரடி ஆலோசனை கொடுத்தால் அந்த இடத்துக்குக் கூடுதலாக இன்னொரு யூனிட் மேற்பார்வையும் வேண்டும். ஒரு யூனிட் என்றால் தனியாக ஒரு மணி, அல்லது குழுவாக இரண்டு மணி. மேற்பார்வை ஒப்பந்தத்தைத் தொடங்கிய 60 நாட்களுக்குள் எழுதி முடிக்க வேண்டும். மணிநேரக் கணக்கில் சூப்பர்வைசர் கையெழுத்தை 'அப்புறம் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள். சூப்பர்வைசர் ஓய்வு பெறுவார், ஊர் மாறுவார், சில சமயம் மனஸ்தாபமும் வரும். பழைய மணிநேரத்துக்குக் காலாவதியும் உண்டு. எத்தனை வருடம் என்பதை போர்டின் தளத்தில் அன்றைய தேதியில் பாருங்கள்.

மாநிலம் மாறினால் வேறு கதை. நியூயார்க் 1,500 மணி நேரடி ஆலோசனை கேட்கிறது. டெக்சாஸ் மொத்தம் 3,000 கேட்டு, அதில் பாதி நேரடியாக இருக்கவேண்டும் என்கிறது. டெக்சாஸில் 2020 செப்டம்பரிலிருந்து, குடும்ப ஆலோசகர் போர்டு இருந்தாலும், மனநலத் துறைகளுக்கான பொதுக் கவுன்சில்தான் லைசென்ஸ் தருகிறது. 'கவுன்சிலிங் காம்பாக்ட்' வந்துவிட்டதே, எங்கும் வேலை பார்க்கலாமே என்று நம்பி வீடு மாற்றாதீர்கள். அது புரொஃபஷனல் கவுன்சலர் என்ற வேறொரு லைசென்ஸுக்காக மாநிலங்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். குடும்ப ஆலோசகர்கள் அதில் சேர்த்தியில்லை.

வீடியோவில் பார்ப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். கிளையன்ட் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த மாநில விதிதான் பொதுவாகக் கணக்கு. அழைப்பின் தொடக்கத்திலேயே 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. கிளையன்ட் விடுமுறைக்குச் சென்னை போயிருந்தாலும் இந்தக் கேள்வி பொருந்தும்.

லைசென்ஸ் வாங்கிய பிறகும் தவறு நடக்கும். கலிஃபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு 36 மணி தொடர்கல்வி, அதில் 6 மணி சட்டமும் நெறிமுறையும். 2023 ஜூலை முதல் டெலிஹெல்த் (வீடியோ, போன் வழி சிகிச்சை) பற்றி ஒருமுறை 3 மணி படித்திருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. பழைய பட்டியலை வைத்துப் புதுப்பிக்கப் போனவர்கள் அங்கேதான் மாட்டினார்கள்.

2024 ஜனவரி முதல், முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் குடும்ப ஆலோசகர்களுக்குப் பணம் தருகிறது. ஆனால் மாநில லைசென்ஸ் மட்டும் போதாது. முதுகலைக்குப் பின் மேற்பார்வையில் 2 வருடம் அல்லது 3,000 மணிநேரம் பார்த்ததற்கு ஆதாரமும் வேண்டும். நியூயார்க்கில் 1,500-ல் லைசென்ஸ் வாங்கியவர் பழைய சூப்பர்வைசரைத் தேட வேண்டி வருவது இதனால்தான்.